தேயிலைக்கு முன்னே மலையேறியவர்: ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்தப் பாதை மறக்காது. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பத்தாங் பாடாங் ஆற்றின் பள்ளத்தாக்கு. ரிங்லெட்டை நெருங்கும்போது காற்று குளிர்கிறது. அதன் பிறகு, சீப்பால் வாரி விட்டதுபோல் வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

அந்தச் சாலை 1930களின் தொடக்கத்தில்தான் மலை உச்சி வரை வந்தது. போ தேயிலை நிறுவனம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கும் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு, 1908ஆம் ஆண்டில், 53 வயதை நெருங்கிக் கொண்டிருந்த ஒருவர் இந்த மலைக்காட்டுக்குள் வந்தார். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885ஆம் ஆண்டு இந்த மலைநாட்டைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தார். ஆனால், இங்கே என்னென்ன செடிகள் வளர்கின்றன என்ற முறையான பட்டியல் இல்லை. தெலோம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பத்தாங் பாடாங் பள்ளத்தாக்கிலும் வளரும் தாவரங்களைச் சேகரித்துப் பெயரிட்டு, அடுத்த ஆண்டே ஒரு நீண்ட கட்டுரையாக அவர் வெளியிட்டார்.

அவர்தான் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ரப்பரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ரப்பர் அவருடைய வாழ்வின் ஒரு பாதி. நம் நாட்டின் செடிகொடிகளுக்கு ஒரு முழுமையான கணக்கு எழுதி வைத்தது மறு பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி மாணவர்கள் அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதை அறிந்துகொள்ள அவரைக் குடும்பம் நமக்குத் துணை செய்யும்.

பாதிரியாரின் மகன்

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு தேவாலயப் பாதிரியார். சிறு வயதிலேயே தாயை இழந்தார் ரிட்லி. பூச்சிகளையும் பறவைகளையும் செடிகளையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வந்துவிட்டது.

ஹெய்லிபரி பள்ளியில் படித்த பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்து இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். நிலவியல் படிப்புக்காக ஓர் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால், 1880ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலை கிடைத்தபோது அவருடைய பாதை செடிகளின் பக்கம் திரும்பியது.

அங்கே எட்டு ஆண்டுகள் அவர் செய்த வேலை இதுதான்: உலகின் பல மூலைகளிலிருந்து வந்து சேரும் உலர்ந்த செடிகளைப் பார்ப்பது, ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிடுவது, இது எது என்று முடிவு செய்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால், ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சிறு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு அங்கேதான் பழகியது. 1887ஆம் ஆண்டு பிரேசில் கரைக்கு அப்பால் உள்ள ஃபெர்னாண்டோ டி நோரோன்யா தீவுக்கு ஓர் ஆய்வுக் குழுவுடன் சென்றார். வெப்பமண்டலம் எப்படி இருக்கும் என்பதை நேரில் கண்டார்.

பூமலைக்கு வந்த இயக்குநர்

1888ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் பொறுப்பான இயக்குநராக ரிட்லி நியமிக்கப்பட்டுச் சிங்கப்பூர் வந்தார். தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் அவர் பொறுப்பில் வந்தது. பினாங்கு, மலாக்கா காடுகளின் கவலையும் அவருடையதே.

பூமலையில் அப்போது சில ரப்பர் மரங்கள் நின்றுகொண்டிருந்தன. 1876ஆம் ஆண்டு அமேசான் காட்டிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போகப்பட்ட சுமார் 70,000 விதைகளின் வழி வந்தவை அவை. முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வந்து பத்து ஆண்டுகள் கடந்தும் அவற்றால் வருமானம் வரும் என்று தோட்டக்காரர்கள் நம்பவில்லை. அன்று எல்லாருடைய கண்ணும் காப்பியின் மீதே இருந்தது.

ரிட்லி அந்த மரங்களைப் பொறுமையாக ஆராய்ந்தார். அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுச் சீக்கிரமே நலிந்துவிடும். ரிட்லி பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். உள்ளே இருக்கும் வளரும் அடுக்கைத் தொடாமல் சீவினால் பட்டை மீண்டும் வளர்ந்தது. ஏற்கெனவே வெட்டிய இடத்தின் விளிம்பையே மறுபடியும் சீவினால் பால் கூடுதலாகச் சுரந்தது. விடியற்காலையில் வெட்டினால் பால் நன்றாக ஓடியது. நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் சாய்ந்த கோடுகள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டும் முறையையும் அவர் பயன்படுத்திக் காட்டினார்.

நம் பாட்டன் பாட்டிகள் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் மரங்களை நோக்கி நடந்ததற்குப் பின்னால் இந்தச் சோதனைகளும் இருக்கின்றன.

போகும் இடமெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து, நடும்படி வற்புறுத்தியதால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலிப் பெயர் வந்தது. 1896ஆம் ஆண்டு மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். காப்பியின் விலை சரிந்ததும், பூச்சித் தொல்லையால் காப்பித் தோட்டங்கள் வீழ்ந்ததும், மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டதும் ஒன்றுசேர, கேலி செய்தவர்களே ரிட்லியிடம் விதை கேட்டு வந்தார்கள்.

மூன்று இலை வைத்த ஒரு புதிர்

மாணவர்களே, இந்த இடத்தில் ஒரு சிறு புதிர். ரப்பர் இலையை நினைத்துப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். இப்போது கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் வளரும் பீன்ஸ் செடியைப் பாருங்கள். அதற்கும் மூன்று சிற்றிலைகள். அப்படியானால் இரண்டும் ஒரே குடும்பமா?

இல்லை. ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகளும் நீண்ட காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. பீன்ஸ் இலையில் பக்கத்துச் சிற்றிலைகள் இரண்டும் ஓரிடத்தில் பிரிய, நடுச் சிற்றிலை மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. காம்பின் அடியில் ஒரு சிறு புடைப்பும் தெரியும். காய்களைப் பார்த்தால் ஐயம் முழுவதும் தீரும். ரப்பர்க் காய் மூன்று அறை கொண்டது. வெயிலில் காய்ந்ததும் படார் என்று வெடித்து விதையை வீசும். அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீன்ஸ் காயோ இரண்டு விளிம்புகள் உள்ள ஒரே அறை. முற்றினால் அந்த விளிம்புகளில் பிளக்கும்.

முருங்கைக்காயும் இப்படி ஏமாற்றும். நீளமாகத் தொங்குவதால் அதை அவரையின் உறவு என்று நினைத்துவிடலாம். முற்றிய முருங்கைக்காய் மூன்றாகப் பிளக்கிறது. எனவே அதற்குத் தனிக் குடும்பம்.

தாவரங்களை வகைப்படுத்துவது என்றால் இதுதான். கண்ணுக்கு முதலில் படும் ஒற்றுமையை நம்பிவிடாமல், இலை எங்கே பிரிகிறது, பூவில் எத்தனை இதழ், மகரந்தத் தாள்கள் ஒட்டியிருக்கின்றனவா, காய் எப்படிப் பிளக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவது. பால் மரத்தில் பட்டையை எந்த ஆழம் வரை சீவலாம் என்று கண்டுபிடித்த அதே கண்தான் செடிகளையும் இப்படிப் பார்த்தது.

அவரைக் குடும்பம் என்ற பெருங்குடும்பம்

பூக்கும் தாவரங்களில் அவரைக் குடும்பம் மூன்றாவது பெரிய குடும்பம். உலகில் இதுவரை சுமார் 19,500 இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. நம்மைச் சுற்றிப் பார்த்தாலே போதும். சம்பாலில் சேர்க்கும் பெத்தாய், ஜெரிங், குழம்புக்குப் புளி, துவரை, உளுந்து, வேர்க்கடலை எல்லாம் இந்தக் குடும்பமே. சாலையோரத்தில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும், தொட்டால் சுருங்கும் தொட்டாற்சுருங்கியும், தமிழர்கள் போற்றும் கொன்றையும், சிவப்பு மணி உதிர்க்கும் மஞ்சாடியும் இதில் சேரும். நம் நாட்டின் தேசிய மரமான மெர்பாவும், தேனீக்கள் கூடு கட்டும் உயர்ந்த துவாலாங் மரமும்கூட அவரையின் உறவுகளே.

இவ்வளவு வேறுபட்ட செடிகளை ஒரே குடும்பத்தில் வைப்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் பெரும்பாலும் காயில் கிடைக்கிறது. அதன் பிறகு பூவைப் பார்த்து அவற்றை உட்பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். ரிட்லியின் காலத்தில் இந்தக் குடும்பத்தை மூன்று பெரும் பிரிவுகளாகப் பார்த்தார்கள். அவரைப் பூவில் மேலே ஒரு கொடியிதழ், பக்கங்களில் இரண்டு சிறகிதழ்கள், கீழே படகுபோல் சேர்ந்த இரண்டு இதழ்கள் இருக்கும். இது ஒரு பிரிவு. கொன்றை, புளி போன்று இதழ்கள் ஓரளவு விரிந்து நிற்பவை இரண்டாம் பிரிவு. தொட்டாற்சுருங்கி, பெத்தாய் போன்று சின்னஞ்சிறு பூக்கள் பந்தாகத் திரண்டு நிற்பவை மூன்றாம் பிரிவு.

2017ஆம் ஆண்டு, மரபணு ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்த உலக ஆய்வாளர்கள் இதை ஆறு துணைக்குடும்பங்களாக மாற்றி அமைத்தார்கள். கொன்றையும் புளியும் இப்போது வெவ்வேறு துணைக்குடும்பங்களில் இருக்கின்றன. தொட்டாற்சுருங்கியோ கொன்றை இருக்கும் துணைக்குடும்பத்துக்குள் வந்துவிட்டது. புதிய ஆதாரம் வந்தால் வரிசை மாறும். ஆனால், மாற்றி அமைப்பதற்கு முதலில் ஒருவர் அந்தச் செடியைப் பறித்து, காயவைத்து, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

காட்டுக்குள் ஒரு நாள் வேலை

தாவரக் கணக்கெடுப்பு என்பது காட்டைச் சுற்றிப் பார்த்து வருவதன்று. பூவோ காயோ உள்ள கிளையாகத் தேடிப் பறிக்க வேண்டும். வெறும் இலையை வைத்துப் பல செடிகளை இனங்காண முடியாது. உயர்ந்த மரமென்றால் ஏறி ஒடிக்க வேண்டும், அல்லது கீழே விழுந்த பூவைத் தேட வேண்டும். பறித்ததைக் காகிதங்களுக்கு இடையில் வைத்து அழுத்த வேண்டும். பூவின் நிறம் காய்ந்தால் மறைந்துவிடும் என்பதால் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் ஈரக் காகிதத்தை மாற்றாமல் விட்டால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்து எல்லாம் வீணாகும்.

ரிட்லி இந்த வேலையைத் தம் பதவிக்காலம் முழுவதும் செய்தார். சிங்கப்பூர், ஜொகூர், மலாக்கா, சிலாங்கூர், பேராக், பகாங், கெடா என்று சுற்றினார். 1897ஆம் ஆண்டு மலாய்த் தாவரப் பெயர்களின் பட்டியலை வெளியிட்டார். காட்டை அறிந்தவர்கள் வழங்கிய பெயர்களுக்குப் பக்கத்தில் அறிவியல் பெயர்களை வைத்தார். 1900ஆம் ஆண்டு சிங்கப்பூரின் தாவரங்களைப் பற்றிய விரிவான பட்டியல் வந்தது.

உள்ளூர்ப் பெயரும் வேண்டும், அறிவியல் பெயரும் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் சாலைகளில் மஞ்சள் பூவைக் கொட்டும் அங்சானா மரத்தின் பேரினப் பெயர் டெரோகார்பஸ். தமிழ்நாட்டின் வேங்கை மரமும் செஞ்சந்தன மரமும் அதே பேரினம். மலாய்ப் பெயரை மட்டும் அறிந்தவருக்கும் தமிழ்ப் பெயரை மட்டும் அறிந்தவருக்கும் இந்த உறவு தெரியாது. அறிவியல் பெயர் இருவரையும் ஒரே மரத்தடிக்குக் கொண்டு வருகிறது.

மலைப் பயணங்களில் ரிட்லி தனியாகப் போகவில்லை. அந்தக் காலத்துப் பயணங்களில் வழி காட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் மரம் ஏறியவர்களும் உண்டு. கேமரன் மலையில் வாழும் செமாய் மக்களைப் போன்ற பூர்வகுடியினர் காட்டை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். செடியின் பெயருக்குப் பின்னால் அறிவியலாளரின் பெயர் நிற்கிறது. உடன் நடந்தவர்களின் பெயர்கள் அநேகமாக எங்கும் நிற்கவில்லை. அதையும் மறக்காமல் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

1911ஆம் ஆண்டு ரிட்லி குனோங் தாஹானுக்கும் போனார். 2,187 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், மரங்கள் அடர்ந்த காட்டைத் தாண்டியதும் பாடாங் என்ற திறந்த மேட்டு நிலம் வருகிறது. சத்துக் குறைந்த மணல் கலந்த மண்ணில் குட்டையான புதர்களே வளரும். அடர்ந்த காட்டுக்கு நடுவே இப்படி ஒரு திறந்த வெளி ஏன் வந்தது, அங்கே எவை தாக்குப்பிடிக்கின்றன என்பது தாவரவியலாளருக்குப் பெரிய கேள்வி. அந்த மலை பிற்காலத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாகி, இன்று தாமான் நெகாராவுக்குள் இருக்கிறது.

இல்லாததும் ஒரு தகவல்

தாழ்நிலக் காட்டில் அவரைக் குடும்பத்தின் பெரிய மரங்கள் பல உண்டு. மெர்பாவ், கெம்பாஸ், துவாலாங் எல்லாம் அங்கே செழிக்கும். மலையில் ஏற ஏற அவை குறைகின்றன. கேமரன் மலையின் உயரத்தில் ஓக் குடும்பமும் லவங்கக் குடும்பமும் மேலோங்கி நிற்கின்றன. சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசி படர்ந்த காட்டில் மரங்களே குறுகிப் போகின்றன.

கணக்கெடுக்கும்போது ஒரு குடும்பம் எங்கே நிறைய இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே இல்லை என்பதும் அவ்வளவு முக்கியம். வெப்பம் கூடும்போது தாழ்நிலச் செடிகள் மேலே ஏறி வருகின்றனவா என்று இன்றைய ஆய்வாளர் கேட்டால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு எது எந்த இடத்தில் இருந்தது என்ற பதிவு வேண்டும். 1908ஆம் ஆண்டின் தெலோம் சேகரிப்பு போன்றவை அந்தப் பதிவுகள்.

ஓய்வுக்குப் பிறகு ஐந்து பெருநூல்கள்

1912ஆம் ஆண்டு ரிட்லி பதவியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு வயது 56. கியூ தோட்டத்துக்கு அருகில் குடியேறி, நாள்தோறும் அங்குள்ள உலர்தாவரக் காப்பகத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்து, தாமும் மற்றவர்களும் மலாயாவில் சேகரித்த செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எழுதினார்.

1922ஆம் ஆண்டிலிருந்து 1925ஆம் ஆண்டு வரை மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இதழ்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பூக்களை உடைய குடும்பங்களைப் பற்றிய முதல் தொகுதியில்தான் அவரைக் குடும்பம் இடம் பெற்றது.

இத்தகைய நூலின் உயிர்நாடி, இனங்காணும் திறவுகோல். அது ஒரு கேள்வி விளையாட்டைப் போன்றது. இது மரமா, கொடியா? இலை ஒற்றையா, சிற்றிலைகளாகப் பிரிந்ததா? சிற்றிலைகள் மூன்றா, பலவா? காய் தட்டையா, உருண்டையா? ஒவ்வொரு பதிலும் பாதிச் செடிகளை விலக்கிவிடும். பத்துப் பன்னிரண்டு கேள்விகளில் கையில் உள்ள செடியின் பெயருக்கு வந்து சேரலாம். ஆசிரியரோ நிபுணரோ பக்கத்தில் இல்லாத ஒருவரும் தாமாகவே கண்டுபிடிக்கலாம் என்பதே அதன் சிறப்பு.

ரிட்லி விரைவாக வேலை செய்பவர். அவருடைய சேகரிப்புகளில் குறிப்புகள் சுருக்கமாகவே இருக்கும். தனியொருவர் ஆயிரக்கணக்கான இனங்களைப் பார்த்ததில் தவறுகளும் நேர்ந்தன. பின்னால் வந்தவர்கள் பல பெயர்களைத் திருத்தினார்கள். ஆனால், எந்தச் செடியைப் பார்த்து அவர் அப்படி எழுதினார் என்பதற்கான உலர்ந்த கிளை சிங்கப்பூரிலும் கியூவிலும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆதாரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செய்யும் தவறைத் திருத்திவிடலாம். ஆதாரம் இல்லாத சரியான பதிலையோ யாரும் சோதிக்க முடியாது.

விதைகளின் பயணம்

1930ஆம் ஆண்டு, 74ஆவது வயதில், உலகெங்கும் தாவரங்கள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றி ஒரு பெரிய நூலை ரிட்லி வெளியிட்டார். காற்று, நீர், பறவை, விலங்கு, மனிதன் என்று விதைகளைச் சுமந்து செல்பவை எவையெவை என்று வாழ்நாள் முழுதும் சேர்த்த குறிப்புகள் அதில் இருந்தன.

அவரைக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்தப் பயணங்கள் எல்லாம் தெரியும். கெம்பாஸ் காய் தட்டையாகச் சிறகுபோல் இருப்பதால் காற்றில் சுழன்று போகிறது. கடலோரக் கொடிகள் சிலவற்றின் கெட்டியான விதைகள் மாதக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் முளைக்கின்றன. மஞ்சாடியின் சிவப்பு விதை பறவையின் கண்ணை இழுக்கிறது. புல்வெளியில் நடந்தால் காற்சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு காய்களில் சிலவும் இந்தக் குடும்பமே. ஒரே மாதிரிக் காயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இத்தனை வழிகளைக் கண்டிருக்கிறது.

விதையைச் சுமப்பவர்களில் மனிதனும் ஒருவன் என்பதை ரிட்லியைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் கொடுத்த ரப்பர் விதைகள் ஒரு நாட்டின் நிலத்தையே மாற்றிவிட்டன.

இரண்டு பக்கமும் உள்ள கணக்கு

இங்கேதான் ரிட்லியின் வாழ்க்கையில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் வருகிறது. ரப்பர் மலாயாவுக்குப் பெரும் வருமானம் தந்தது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி வந்தார்கள்; லயங்களில் குடியிருந்து, உழைத்து, நோயுற்று, பிள்ளைகளை வளர்த்தார்கள். அதே ரப்பருக்காகத் தாழ்நிலக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. ரிட்லி பெயரிட்டுப் பதிவு செய்த செடிகள் பலவற்றின் வீடும் அந்தக் காடுகளே. காட்டுக்குக் கணக்கு எழுதியவரும், காடு குறையக் காரணமான பயிரைப் பரப்பியவரும் ஒருவரே.

இதற்காக அவரைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம், வெறும் புகழ்மாலை சூட்டவும் வேண்டாம். அவர் விட்டுச்சென்ற கணக்கு இருப்பதால்தான் என்ன இருந்தது, என்ன போயிற்று என்று இன்று நாம் பேசவே முடிகிறது.

மண்ணைப் பொறுத்தவரையும் ஒரு பாடம் உண்டு. ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஆய்வாளர்கள், அவரைக் குடும்பச் செடிகள் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்களின் துணையுடன் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதை விரிவாக விளக்கினார்கள். தொடக்க காலத் தோட்டங்களில் களையே இல்லாமல் தரையைச் சுத்தமாக வைத்தார்கள். மழையில் மேல்மண் அடித்துப் போனது. பின்னர் இளம் ரப்பருக்கு இடையில் அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிட்டார்கள். அவை தரையை மூடி மண்ணைப் பிடித்து வைத்தன, நைட்ரஜனையும் சேர்த்தன. தேயிலை வளர்க்கும் நாடுகளிலும் இந்தக் குடும்பத்து மரங்களையும் செடிகளையும் நிழலுக்கும் பசுந்தாள் உரத்துக்கும் வளர்ப்பது வழக்கம். எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று தெரிவது தேர்வுக்கு மட்டும் உதவும் அறிவன்று. மண் நிலைக்குமா, கரையுமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நூறு ஆண்டு வாழ்ந்தவர்

1907ஆம் ஆண்டு ரிட்லி இங்கிலாந்தின் அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1950ஆம் ஆண்டு, 94 வயதில், லின்னேயன் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 80 வயதைக் கடந்த பிறகு, 1941ஆம் ஆண்டுதான் அவர் திருமணம் செய்துகொண்டார். 1955ஆம் ஆண்டு நூறாவது பிறந்தநாளைக் கண்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி கியூவில் காலமானார். மலாயா சுதந்திரம் பெறுவதற்கு அப்போது ஓராண்டுகூட இல்லை.

தேயிலை வரிசைக்கு அப்பால்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மாணவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். தேயிலை வரிசை முடியும் இடத்தில், ஓடையோரத்தில், காட்டின் விளிம்பில் என்ன வளர்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கோலாலம்பூரில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த அறிவு உங்கள் பாட்டியிடம் கீரையின் பெயராகவும், பக்கத்துக் கிராமத்துச் செமாய் நண்பரிடம் மருந்தின் பெயராகவும் இருக்கலாம்.

ஒரு குறிப்பேடு போதும். வாரம் ஒரு செடி. எதையும் பிடுங்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதி இல்லாமல் பறிப்பதும் தவறு. படம் எடுங்கள், வரையுங்கள். தேதி, இடம், உயரம், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். முதலில் அவரைக் குடும்பத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் காயைப் பார்த்ததும் பிடிபடும். வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் அறுவடை முடிந்ததும் ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ரிட்லியிடம் ரப்பரும் இருந்தது, பதவியும் இருந்தது. ஆனால், தெலோம் பள்ளத்தாக்கில் அவர் எழுதியவை இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அவை இரண்டும் அல்ல. பார்த்ததைப் பார்த்த அன்றே, பார்த்த இடத்தோடு எழுதி வைத்தார். அதை ஒரு படிவம் நான்கு மாணவியும் இன்று மாலை செய்யலாம்.